பன்றி விரட்ட வாங்கிய துப்பாக்கி

தேர்தல் வருவதால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். இன்று காலை அப்பாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

துப்பாக்கியை வாங்கிக்கொண்ட கான்ஸ்டபிள் கேட்டார்: "இன்னாத்துக்கு வாங்கனீங்க?"

"கடலைக் கொல்லையில பன்னி வருது," என்றார் அப்பா.

வேறு வேலையாக வந்திருந்த முனியம்மா, எங்கள் நிலத்தில் கூலிக்கு அறுப்பவள், மெதுவாகச் சொன்னாள்: "பன்னி ஒண்ணும் சாவல சார். போன அறுப்புல கூலி ஒசத்திக் கேட்டோம். எங்க தலைக்கு மேல சுட்டாரு."

"பொய் சொல்றா," என்றார் அப்பா.

கான்ஸ்டபிள் என்னைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா, மெய்யாலுமா?"

அன்று நானும் களத்தில்தான் இருந்தேன். "எனக்குத் தெரியாது சார்," என்றேன்.

முனியம்மா வெளியே போய்விட்டாள். பஸ்ஸில் திரும்பும்போது என்னால் தலை நிமிர முடியவில்லை.

தேர்தல் முடிந்ததும் நான்தான் போய்த் துப்பாக்கியை வாங்கிவர வேண்டுமாம், அப்பா சொல்லிவிட்டார். நீங்களாக இருந்தால் போவீர்களா?