இரண்டு செல்லோடு நின்றிருக்க வேண்டியவை

ஓர் உயிர் பிழைத்ததைப் பார்த்து நான் வயிறெரிந்தது ஒரே ஒரு முறைதான். அது ஒரு சுண்டெலியின் கரு.

அப்போது பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் பிஎச்டி நாலாவது வருடம். தாய் எலி இணை சேர்வதற்கு முன்பே தன் கருமுட்டைக்குள் சில புரதங்களைச் சேர்த்து வைக்கிறது. கரு சொந்தக் காலில் நிற்கும் வரை அந்தச் சேமிப்பில்தான் பிழைப்பு. அதில் ஒரு புரதத்தை உண்டாக்கவே முடியாத எலிகளை வைத்து நான் வேலை செய்தேன். அவற்றின் கருக்கள் இரண்டு செல்லாகப் பிரிந்ததும் நின்றுபோயின. அந்தப் புரதம் இல்லாமல் கரு வளராது என்பதுதான் என் தீசிஸ் முழுக்க. என் வழிகாட்டி கோயம்புத்தூர்க்காரர். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கருவுற்ற முட்டையை எடுப்பது வாயால். மெல்லிய கண்ணாடிக் குழாயில் மாட்டிய ரப்பர் குழாயின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து உறிஞ்ச வேண்டும். அங்கே அது எனக்கு மட்டும்தான் கைவந்தது. அந்தத் திமிரும் நிறையவே இருந்தது. முட்டையைச் சிறு தட்டில் ஒரு சொட்டுத் திரவத்தில் விட்டு, சொட்டு காயாமல் இருக்க மேலே எண்ணெய் ஊற்றி இன்குபேட்டரில் வைப்பேன். எண்ணெய் பாட்டில் ஜன்னலோரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வெளிச்சம் படக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. இந்த ஊர் வெயில் என்ன பெரிதாகச் செய்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சாதாரண எலிகளின் முட்டைகளை, பாட்டிலைத் திறந்த முதல் வாரத்தில் வளர்த்தேன். நன்றாக வளர்ந்தன. "அதான் வளருதுன்னு பாத்தாச்சே, திரும்பத் திரும்ப எதுக்கும்மா எலியக் கொல்றே?" என்றார் வழிகாட்டி. பிறகு எட்டு மாதம் புரதம் இல்லாத எலிகள் மட்டும்தான்.

தீசிஸில் போட, நின்றுபோன கருவின் படம் ஒன்று குறைந்தது. அதற்குள் எண்ணெய் தீர்ந்திருந்ததால் புது பாட்டிலைத் திறந்தேன். மூன்றாம் நாள் காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புரதம் இல்லாத அதே எலிகளின் கருக்கள் எட்டு செல்லாகப் பிரிந்திருக்கின்றன. பழைய பாட்டிலின் அடியில் கிடந்த மிச்சத்தை ஊற்றிச் சாதாரண எலிகளின் முட்டைகளை வளர்த்துப் பார்த்தேன். அவை இரண்டு செல்லிலேயே நின்றன. எட்டு மாதமாகக் கருக்களைக் கொன்றது வெயிலில் கெட்டுப்போன எண்ணெய்தான். வளர்ந்துவிட்ட அந்தக் கருக்களைப் பார்த்து, செத்துத் தொலைந்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டேன்.

தட்டைக் கழுவி ஊற்றியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் வழிகாட்டியிடம் சொன்னேன். நேர்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம். எனக்குப் பின்னால் வருகிறவர் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம்தான்.

"பாட்டில அங்க வச்சது யாரு?" என்றார் வழிகாட்டி.

"நான்தான் சார்."

திரும்பத் திரும்ப எதற்கு என்று சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. "வேற ப்ராஜெக்ட் பாரு. முதல்ல இருந்து ஆரம்பி" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் விவேக் நகரில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா தலையில் முக்காடோடு நின்றிருந்தாள். என் முட்டைகள் நன்றாக வளர வேண்டும் என்று ஒன்பது வியாழக்கிழமை குழந்தை இயேசு கோவிலுக்குப் போவதாக நேர்ந்திருந்தாள். அன்று ஒன்பதாவது வியாழன். அவை வளரக்கூடாது என்று நான் அவளுக்கு விளக்கியதே இல்லை. லேபில் முட்டையை வளர்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

"இந்தத் தடவையாச்சும் வளந்துச்சாடி?"

"வளந்துச்சும்மா."

சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "செருப்பக் கழட்டாத, நீயும் வா. ஆண்டவருக்கு நன்றி சொல்லிட்டு வந்துரலாம்."

போனோம். மெழுகுவர்த்தியை என் கையில் கொடுத்து ஏற்றச் சொன்னாள். ஏற்றினேன்.