அலமாரிக்குத் திரும்பும் விரிப்புகள்

சத்தியபாய் டிபன் கேரியரைத் திறந்ததும் சாளை மீன் குழம்பின் மணம் செவிலியர் ஓய்வறை முழுக்கப் பரவும். கீழடுக்கில் மரச்சீனிக் கிழங்கு, மேலடுக்கில் குழம்பு. நாலு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். சாப்பிடுவது அவர் ஒருவர்தான், ஜன்னலோரச் சின்ன மேசையில், சுவரைப் பார்த்தபடி. பெரிய மேசையில் மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மிச்சத்தை மூடி வீட்டுக்குக் கொண்டுபோவார். மறுநாளும் அதே அளவு வரும்.

"ஒத்த ஆளுக்குக் கொழம்பு வைக்க எனக்குத் தெரியாது, கேட்டியா" என்பார், யாரும் கேட்காமலே.

ஆற்றங்கரை ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனையில், பெண்கள் வார்டின் மூத்த செவிலியர் அவர். கணவர் யேசுரத்தினம் இறந்துவிட்டார். குவைத்தில் இருக்கும் மகள் ஜினிஷா வெள்ளிக்கிழமை வீடியோவில் வருவாள். மற்ற நாட்களில் வீட்டில் பேச ஆளில்லை. வார்டில் அவர் கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். நோயாளிகளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டில் கம்பியைத் துடைப்பார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர்தான். ஆனால் வார்டுக்கு நல்ல மெத்தை வேண்டி ஜெபிக்கச் சொன்ன ஒருத்தியிடம், "மெத்தைய கர்த்தர்கிட்ட எதுக்குட்டி கேக்கணும்? கவர்மெண்டுகிட்டல்லா கேக்கணும்" என்றார். தர ஆய்வில் மதிப்பெண் வேண்டி வாசலில் தேங்காய் உடைத்த நிர்வாகத்துக்கு இந்த அறிவு இல்லை.

கேட்கவும் செய்தார். மருத்துவமனையின் வரவு செலவுத் திட்டம் போடும் கூட்டத்தில் ஊழியர் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. போய் உட்கார்ந்தார். ரெக்சின் கிழிந்து, வந்துபோன நோயாளிகளின் மூத்திரமும் ரத்தமும் ஊறிய மெத்தைகளை மாற்றச் சொன்னார். தலைமை மருத்துவர் அன்பாகத் தலையாட்டினார். அந்த ஆண்டு நுழைவாயிலுக்கு அலங்கார வளைவு வந்தது. நம் நாட்டில் ஊழியர் பங்கேற்பு என்பது இதுதான்: உட்கார நாற்காலி கொடுப்பார்கள், காது கொடுக்கமாட்டார்கள்.

ஆண்டுக்கொரு முறை தர ஆய்வு நடக்கும். மதிப்பெண் கூடினால் மருத்துவமனைக்குப் பரிசுத் தொகை; அதில் ஊழியர்களுக்கும் பங்குண்டு. அன்று காலை அலமாரியிலிருந்து புது விரிப்புகள் வெளியே வரும். மாலையில் மடிப்புக் கலையாமல் திரும்பிவிடும். போன ஆண்டு ஆய்வுக்கு வந்த அம்மையாரிடம் சத்தியபாய் சொல்லிவிட்டார்: "இது இண்ணைக்கு மட்டும் உள்ளதாக்கும் மேடம். சாயங்காலம் உள்ள போயிரும்."

பரிசு போயிற்று. மெத்தையும் வரவில்லை. பெரிய மேசையில் அவருக்கு இருந்த இடமும் இல்லாமலாயிற்று. வளைவு கட்டியவர்மேல் வராத கோபம், கூட வேலை செய்பவர்மேல் வந்தது.

இந்த ஆண்டு ஆய்வு நாளன்று காலையில், இளைய செவிலியான பெமிலா அவருடைய கேரியரை ஜன்னலோரத்திலிருந்து எடுத்துப் பெரிய மேசையின் நடுவில் வைத்தாள்.

"மத்தியானம் எங்ககூட இருந்து தின்னணும்க்கா. சாளைய நெனச்சே ஒரு வருசம் போச்சு."

"ஏட்டி, ஒனக்கு என்னய விட மீனுதான் பெரிசு, இல்லியா?"

"ரெண்டும்தான். இண்ணைக்கு மட்டும் ஒண்ணும் மிண்டாம நில்லுங்க. பிள்ளைக்கு ஃபீஸ் கெட்டணும்."

சத்தியபாய் சிரித்தார். வாய் திறப்பதில்லை என்றுதான் வார்டுக்குள் நுழைந்தார்.

விரிப்பு கசங்கிவிடும் என்று, வயிற்றில் அறுவை செய்த மீனாட்சியம்மாளை ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி முனகினார்: "நான் எப்ப மக்கா கெடக்கது?"

ஆய்வுக்கு வந்தது போன ஆண்டு வந்த அதே அம்மையார். அவர் நேரே சத்தியபாயிடம் வந்தார். "இந்த வருசம் எல்லாம் சரியா இருக்கா சிஸ்டர்?"

பெமிலா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தியபாய் மீனாட்சியம்மாளின் கட்டிலருகே போனார். விரிப்பின் நுனியைப் பிடித்துத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை உருவினார். அம்மையார் கிழிந்த ரெக்சினில் விரலை அழுத்தினார். மஞ்சளாக நீர் கசிந்தது. சத்தியபாய் அந்தப் புது விரிப்பையே நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் மீனாட்சியம்மாளைத் தாங்கிப் படுக்கவைத்தார்.

பிறகு ஓய்வறைக்குப் போனார். சாப்பாட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை. கேரியரைத் திறந்து, பெமிலாவின் தட்டில் மரச்சீனியும் சாளையும் வைத்து மூடினார். மீதியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போய், நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார்.