ஊசிமேட்டின் எல்லைக்கல்லும் கோயில்பிள்ளை அண்ணாச்சியும்

தலையாரி கோயில்பிள்ளை இறந்த செய்தி வந்தபோது நான் ஓட்டப்பிடாரத்தில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். ஊசிமேட்டுக்காரர் ராஜகனி போனில் பேசினார். "மேடம், அண்ணாச்சி போயிட்டாவ. பருத்தி பாக்கப் போனவிய, பொழியில உக்காந்தாப்புல சாஞ்சிட்டாவ. சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம்."

அதற்கு நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "எந்தப் பொழியில?" என்று, எந்த வரப்பு என்று கேட்டேன். ராஜகனிக்குப் புரியவில்லை. எனக்கும் ஏன் அப்படிக் கேட்டேன் என்று புரியவில்லை.

நான்கு ஆண்டுகள் நான் ஊசிமேட்டுக்குக் கிராம நிர்வாக அலுவலராக இருந்தேன். அவர் கிராம உதவியாளர். ஊர்க்காரர்கள் வாயில் தலையாரி, என் வாயில் அண்ணாச்சி. அவரோடு கூடவே வாழ்ந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தில் அவர் செய்தது சரியா, உண்மையா என்று எனக்குத் தெளிவே இல்லை. அந்தக் குழப்பத்தோடுதான் எழுதுகிறேன்.

கடம்பூர் சாலையில் இறங்கி வடக்கே நடந்தால் ஊசிமேடு. இரண்டு ஓடைகளுக்கு நடுவே லேசாக மேடேறிய கரிசல். இருபத்திரண்டு வீடு, ஒரு காளி கோயில், ஓடு வேய்ந்த ஒரு கிறிஸ்தவச் சபைக்கூடம். சுற்றிலும் மானாவாரிப் புஞ்சை. புரட்டாசியில் மழை விழுந்தால் உளுந்தும் பாசியும் பருத்தியும், விழாவிட்டால் உடைமரம். நான் பொறுப்பேற்ற முதல் வாரம் நில அளவைப் புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஊரைத் தேடினேன். படத்தில் குடியிருப்பு என்று போட்டிருந்த இடம் மேற்கே ஒரு மைல் தள்ளி இருந்தது. அங்கே போய்ப் பார்த்தால் சோளத்தட்டை நின்றது. வீடுகள் இருந்த இடத்திலோ படத்தில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது வேற ஊர் படமா?" என்றேன்.

"நம்ம ஊரு படந்தான் மேடம். ஊரு அப்ப அங்கன இருந்துச்சு. பொறவு இங்கன வந்துட்டு" என்றார், யாரோ ஒருவர் வீடு மாறியதைச் சொல்வதுபோல.

ஏன் வந்தது என்று கேட்டேன். வெள்ளம் என்றார். பழைய ஊருக்குள் தண்ணீர் ஏறி, ஆடு மாடெல்லாம் போய், மிஞ்சியவர்கள் மேடு பார்த்து வந்தார்களாம். அதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்துக் கோவில்பட்டிக் கல்லூரியிலிருந்து இரண்டு மாணவிகள் ஊர் வரலாறு கேட்டு வந்தார்கள். என் எதிரிலேயே அவர்களிடம், பழைய ஊரில் பேதி கண்டு பாதிப் பேர் செத்ததால் மீதிப் பேர் ஊரைக் காலி செய்ததாகச் சொன்னார். இன்னொரு நாள் காளி கோயில் கொடைத் திருவிழாவில், பங்காளிச் சண்டையில் ஒரே நாளில் ஊர் இரண்டாகப் பிரிந்த கதையைச் சொல்லக் கேட்டேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணுல எது அண்ணாச்சி நெசம்?"

"மூணும் நான் கேட்டதுதான் மேடம். எங்கப்பா ஒண்ணு சொன்னாவ. மாமா ஒண்ணு சொன்னாவ. காளி கோயில் சாமியாடி ஒண்ணு சொன்னாவ. மூணு பேரும் பொய் சொல்லுத ஆளு இல்ல. நான் யாருத மறைக்க?"

என் குறிப்பேட்டில் வெள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டதோடு சரி.

ஆனால் நிலத்தைப் பொறுத்தவரை அவர் ஒருபோதும் இரண்டு பேச்சுப் பேசியதில்லை. தெற்குத் தெரு முத்துலட்சுமி தன் பங்கு நிலம் எதுவென்றே தெரியாமல் எட்டு வருடம் அலைந்தவள். மழை பெய்த மறுநாள் அவளையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். என் செருப்பில் அப்பிய மண்ணை நான் நான்கடிக்கு ஒருமுறை வழித்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். அவர் வெறுங்காலோடு போய் ஒரு பொழியில் நின்று, "இந்தா, இதுலருந்து அந்த வேம்பு வரைக்கும் ஒனக்கு" என்றார். சர்வேயர் பிறகு வந்து அளந்தபோது ஒரு சாண் கூட வித்தியாசம் இல்லை. "எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கரிசல் ஒண்ணையும் ஒரே இடத்துல விடாது மேடம். நட்ட கல்லையே முழுங்கிரும். அதனால கல்லப் பாக்கக் கூடாது, வெதச்ச ஆளப் பாக்கணும்" என்றார்.

நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது என்னுடைய மூன்றாவது ஆண்டில். பதிவேட்டின்படி ஊசிமேட்டின் இருபத்திரண்டு வீடுகளும் ஓடைப் புறம்போக்கில் இருந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நோட்டீஸ் ஒட்டியது நானும் அவரும்தான். அவருடைய வீட்டில் ஒட்டும்போது பசையை அவரே தடவினார். பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டு அழுதார்கள். ராஜகனி, "ஓடை எங்கன இருக்கு, வீடு எங்கன இருக்கு? கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?" என்று கத்தினார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஓடை கண்ணுக்கெதிரே தெற்கில்தான் கிடந்தது. படத்தில்தான் வேறு இடத்தில் இருந்தது.

ஊர் மனு கொடுத்தது. மறு அளவைக்குத் தாசில்தாரும் சர்வேயரும் வந்தார்கள். படத்தில் ஓடை வரும் மூலை மடிந்து மடிந்து கிழிந்திருந்தது. அளவை தொடங்க ஒரு பழைய எல்லைக்கல் வேண்டும். சுற்றுவட்டத்தில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மதியம் வரை தேடினார்கள். வெயிலில் தாசில்தாருக்குப் பொறுமை போய்விட்டது. "இவ்வளவு வருஷம் தலையாரியா இருக்கீங்க, ஒரு கல்லு தெரியாதா?" என்றார்.

அண்ணாச்சி ஓர் உடைமரத்தடிக்குப் போனார். நின்றார். இரண்டு எட்டு கிழக்கே நகர்ந்து, "இங்கன வெட்டுங்க" என்றார். முழங்கால் ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. தலையில் அம்புக்குறி கொத்திய பழைய கல். ஊரே கைதட்டியது. அந்தக் கல்லிலிருந்து அளந்தபோது ஓடை தெற்கே விலகிப் போனது. இருபத்தொரு வீடுகள் புறம்போக்குக்கு வெளியே வந்துவிட்டன. ஒன்று மட்டும் உள்ளே நின்றது. தென்கோடியில் இருந்த கோயில்பிள்ளையின் வீடு.

கைதட்டியவர்கள் அந்த வீட்டின் பக்கம் திரும்பினார்கள். தாசில்தார் அவரைப் பார்த்து, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுதானா கல்லு?" என்றார்.

"இதுதான் சார்."

சர்வேயர் என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மண்ணு ரொம்ப இளக்கமா இருக்கு மேடம்." நான்கு நாள் முன்புதான் கோடை மழை பெய்திருந்தது, எல்லா இடத்திலும் மண் இளக்கமாகத்தான் இருந்தது. கல் அங்கேயே கிடந்ததா, வேறெங்கோ கிடந்தது அங்கே வந்ததா? எனக்குத் தெரியவில்லை. தன் வீட்டையே இழக்கிற ஒருவர் பொய் சொல்வாரா என்று தாசில்தார் நினைத்தார். அப்படி நினைக்கட்டும் என்றுதான் அண்ணாச்சி தன் வீட்டைக் கொடுத்தாரா? அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டை இடிக்க இயந்திரம் வருகிற நாளில் அவர் விடியற்காலையிலேயே கூரை ஓடுகளைப் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டார். ஊரில் ஐந்தாறு பேர் தங்கள் இடத்தில் வீடு கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. தன் புஞ்சையின் ஓரத்தில் தகரம் போட்டுக் குடியேறினார். அங்கே மின்சாரம் வர ஏழு மாதம் ஆனது. ஒருநாள் துணிந்து கேட்டேன். "அந்தக் கல்லு உண்மையிலேயே அங்கனதான் இருந்துச்சா அண்ணாச்சி?" அவர் என்னை வருத்தமாகப் பார்த்தார். "நீங்க கையெழுத்துப் போட்டுட்டீயல்லா மேடம்" என்றார். அது என்னைக் காப்பாற்றச் சொன்னதா, குத்திக் காட்டியதா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு ஒரு மார்கழியில் பேய்மழை கொட்டியது. அதற்குள் நான் இடமாறுதலில் வேறு ஊருக்கு வந்துவிட்டிருந்தேன். ஓடை உண்மையில் எந்தப் பக்கம் போகிறதென்று இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்து, வெட்கத்தைவிட்டு ராஜகனிக்குப் போன் செய்தேன். "அதை ஏன் கேக்கிய மேடம், எல்லாப் பக்கமும் போகுது. பழைய ஊரு, புது ஊரு, அண்ணாச்சி வீடு இருந்த எடம், எல்லாத்துலயும் முழங்கால் தண்ணி" என்றார்.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேரும்போது சபைக்கூடத்தில் ஜெபம் முடிந்திருந்தது. குழியில் பிடிமண் போட்டுவிட்டு மைனியிடம் வந்தேன். அவர் மனைவி அன்னபாக்கியத்தை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். தகரக் கொட்டகை முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார். துக்க வீட்டில் கேட்கக்கூடாததுதான். ஆனால் அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நீங்களும் அந்தக் கல்லத்தான் நெனைக்கிய, என்ன?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னைக்கு அளக்கப் போகும்போது கஞ்சி குடிச்சிட்டு என்கிட்ட கேட்டாவ, 'ஏட்டி, நம்ம வீடு ஒண்ணு போனா தாங்குவியா?'ன்னு. நான் வெளையாட்டுன்னு நெனச்சு, 'நீங்க இருந்தாப் போதும்'னு சொல்லிட்டேன். பொறவு ஒரு வருசம் நான் அவியகிட்ட முகம் கொடுத்துப் பேசல. ஆனா அது நெசமா பொய்யான்னு மட்டும் நான் கேக்கல."

"ஏன் மைனி கேக்கல?"

"நெசம்னு சொன்னா, இவ்வளவு நாள் ஓடையிலயா படுத்துக் கெடந்தோம்னு வரும். பொய்னு சொன்னா, எம்புட்டு ஆசையா கட்டுன வீடுன்னு வரும். ரெண்டையும் கேட்டுட்டு நான் அந்த மனுசனுக்கு எப்படிச் சோறு போட?"

தன் வீடு போகும் என்று அண்ணாச்சிக்கு முன்பே தெரிந்திருந்தது என்று மட்டும் இதிலிருந்து எனக்குப் புரிகிறது. கல் இருந்த இடம் தெரிந்ததால் தெரிந்ததா, கல்லைத் தானே நட்டதால் தெரிந்ததா? இரண்டுக்கும் மைனி சொன்னது பொருந்துகிறது. நேர்மையானவர் என்று எழுதவா, ஊருக்காகப் பொய் சொன்னவர் என்று எழுதவா என்று தெரியாமல் இரண்டு வாரமாக இந்தத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.

என் அலுவலில் இப்போதெல்லாம் ஒரு வாசலில் நோட்டீஸ் ஒட்டும் முன் அந்த வீட்டுக்குள் போய் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறேன். அவரோடு வேலை பார்த்ததில் எனக்குத் தங்கியது அதுதான். அன்று மைனியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஊரைத் தாண்டும்போது நின்று திரும்பிப் பார்த்தேன். துக்கத்துக்காக அன்று யாரும் உலை வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் பிள்ளைகளுக்குப் பசிக்குமே. ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. எண்ணினேன். இருபத்தொன்று.