அறுபத்து நாலாம் எண் பிடித்த பந்து

தயவுசெய்து இதை யாரும் என் அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள். போர்வைக்குள் ஒளிந்து போனில் எழுதுகிறேன்.

இன்று கல்மண்டபம் பஸ்ஸில் தேவியைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் பந்து வீசியவள். நான் அறுபத்து நாலாம் எண், முன்வரிசையில் நின்று தடுப்பவள். தடுப்பவர்கள் முன்னால் வீசும் பந்தைப் பிடிக்கக் கூடாது. கடைசி மேட்சில் நான் பிடித்து, ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டையும் தாண்டிவிட்டேன்; தாண்டினால் ஆறு புள்ளி. நடுவர் செல்லாது என்றார். தோற்றோம்.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். "இனிமே அந்த பந்த தொட்டே, தெரியும் சேதி" என்றார் அப்பா.

இன்று பஸ்ஸில் தேவி என் காதில் சொன்னாள்: "இன்னாடி அறுவத்து நாலு, எதிர் டீம் கை பட்டுட்டா அந்த பந்த யாரு வேணா புடிக்கலாமாம். அன்னிக்கு அவங்க டீம் நெட்டச்சி வெரல்ல பட்டுத்தான உன்கிட்ட வந்துச்சு?"

பட்டது. ஈர மணல், துறைமுகக் காற்று, "ஓடுடீ" என்று பின்னால் கத்திய குரல்கள், எல்லாம் பஸ்ஸுக்குள் திரும்பி வந்தன. தப்பு என்று இரண்டு வருடமாக மறைத்து வைத்திருந்த சந்தோஷம்.

"ஞாயித்துக்கெழம மேட்ச் கீது. வர்றியா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆறு புள்ளி எங்களுடையது என்று அப்பாவிடம் முதலில் சொல்வதா, ஞாயிற்றுக்கிழமையை முதலில் சொல்வதா? கண்டிப்பான அப்பா உள்ளவர்கள் மட்டும் யோசனை சொல்லு—

ஐயோ, அப்பா கதவைத் தட்டுகிறார்