நல்லையா கேட்ட 'வெளி'

போன மாதம் முழுக்க பதுளைச் சந்தையில் ஒரே பேச்சு. பூனாகலை நல்லையா ஆற்று மணல் அள்ளி மாட்டி, அபராதமும் கட்டினாராம். பொலிஸார் மணலைக் கொடுத்துவிட்டு லொறியை வைத்துக்கொண்டார்களாம். மீன்கடையில் நான் கேட்டபோது ஒரு லொறி மணலாக இருந்தது, பஸ் நிலையத்துக்கு வருவதற்குள் மூன்று லொறியாகிவிட்டது. மேலும் பெருகுவதற்குள் விசாரித்துவிடலாம் என்று போனேன்.

நல்லையா தன் லொறிக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

"லொறிய வச்சுக்கிட்டாங்களா? அப்ப நான் எதுக்குக் கீழ படுத்திருக்கேன்? கட்டிலுன்னா?"

வதந்தியில் பாதி அங்கேயே செத்தது. மீதியை அவரே சொன்னார்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அப்பாவோடு போய் நின்ற முதல் நாளே, கொழுந்து மலையைவிடக் கொழுந்து ஏற்றும் லொறிதான் தனக்கு என்று முடிவு கட்டியவர். பதினைந்து வருஷம் தோட்ட லொறியைக் கழுவினார், பிறகு ஓட்டினார், கடைசியில் தோட்டம் கழித்துப்போட்ட அதே லொறியை வாங்கினார். அதற்கு வயது இவரைவிடக் கொஞ்சம்தான் குறைவு. நம்பிக்கைக்குக் குறைவில்லை. சிங்களமும் அப்படித்தான், தெரிந்த பத்துச் சொல்லை வைத்துக்கொண்டு நூறு சொல் தெரிந்தவர் மாதிரிப் பேசுவார்.

"பர்மிட் கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. கேக்கல. தப்புத்தான். அபராதம் கட்டியாச்சு, ரசீது கையில இருக்கு. இனி லொறி என்னோடது."

ஆனால் லொறியை மீட்கப் போன அன்று ரசீது மட்டும் போதவில்லை. நீதிமன்றக் கடிதத்தைக் காட்டி, வெலிமடை வழியிலுள்ள பொலிஸ் வளவிலிருந்து எடுக்கவேண்டியிருந்தது. அதுவும் அன்று பகல் பன்னிரண்டுக்குள். வெலிமடையில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு காத்திருந்த வியாபாரி ஹுமைத் நானா முதல் நாளே சொல்லியிருந்தார்: "பன்னெண்டுக்கு லொறி வரல்லாட்டி வேற லொறி புடிப்பேன் நல்லையா. பொறகு இந்தப் போகம் முழுக்க அந்த லொறிதான். கோவிக்கப்படாது." கிழங்குப் போகம் போனால் நல்லையாவின் லொறிக்கு வருஷத்தில் வேறு வேலை கிடையாது.

பதினொரு மணி. லொறி, ஏற்றிய மணலோடு மூன்று வாரமாக மழையில் நனைந்து நின்றது. மணல்மேல் புல்கூட முளைத்துவிட்டது. நல்லையா அங்கிருந்த கொன்ஸ்டபிளிடம் கடிதத்தை நீட்டி, தமிழையும் சிங்களத்தையும் கலந்து கம்பீரமாகக் கேட்டார்:

"ரால்ஹாமி, லொறிய வெளி தென்ன!"

லொறியை வெளியே கொடுங்கள் என்பது அவர் கணக்கு. சிங்களத்தில் 'வெலி' என்றால் மணல். கொன்ஸ்டபிளின் காதில் விழுந்தது, 'லொறியிலுள்ள மணலைக் கொடுங்கள்.'

அவர் முகம் சிவந்தது. திருடினதுக்கு அபராதம் கட்டிய கையோடு, திருடினதையும் கேட்கிறானே!

"மே வெலி ஆண்டுவே!" என்று கத்தினார். இந்த மணல் அரசாங்கத்தினுடையது.

நல்லையாவுக்குப் புரிந்தது, வெளி அரசாங்கத்தினுடையது என்று. சந்தோஷமாகத் தலையாட்டினார். "ஆமாங்க, வெளியெல்லாம் கவர்மெண்டுதான். யாரு இல்லேன்னா? உள்ள நிக்கிற லொறி மட்டும் என்னோடது. வெளி, வெளி!" என்று கேட்டைக் காட்டினார்.

கொன்ஸ்டபிள் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், பொறுமையிழந்த ஹுமைத் நானாவே பஸ்ஸில் வந்து இறங்கினார். இரண்டு பக்கத்தையும் கேட்டார். கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை.

"ஓய், நீங்க லொறிய கேக்கல்ல, மணலக் கேட்டீக்கிறீங்க!"

நானா நல்ல சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, கொன்ஸ்டபிளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லாச்சி திறந்தது. மணலை அங்கேயே இறக்கிவிட்டு லொறியைக் கொண்டுபோகலாம் என்றார். நிலையத்து மம்பட்டி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

"பன்னெண்டு தாண்டிரிச்சே, நானா?"

"என் மணிக்கூடு இன்னம் பன்னெண்டாகல்ல. அள்ளுங்க!"

மணலும் முளைத்த புல்லும் அரசாங்கத்துக்குப் போயின. மாலையில் கிழங்கு பதுளைக்கு வந்தது. போகம் முழுக்க அந்த லொறிதான்.

வதந்தியைத் தீர்த்துவிட்டேன் என்று எழுந்தபோது, லொறிக்குள் கிடந்த சாக்குக்கு அடியில் ஒரு மம்பட்டி கண்ணில் பட்டது. பிடியில் வெள்ளைச் சாயத்தில் பொலிஸ் நிலையத்து எழுத்து.

"இது?"

நல்லையா முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"அவசரத்துல லொறியோட வந்துருச்சுங்க. குடுக்கணும். ஆனா வெறும் லொறியில மம்பட்டியப் போட்டுக்கிட்டு ஆத்துப்பக்கமா ஸ்டேஷனுக்குப் போனா, என்னன்னு நினைப்பாங்க? சரி, போய்ச் சேந்தாலும் என்னன்னு கேக்குறது? உள்ள வச்சுக்கங்கன்னா என்னையே உள்ள வச்சுருவாங்க. வெளிய வச்சுக்கங்கன்னா, மறுபடியும் மணலா?"