மங்காத சிவப்பு

பிள்ளைகள் அவரை நத்தை மாமா என்பார்கள். பள்ளி வண்டியை அவ்வளவு நிதானமாக ஓட்டுவார். இத்தனை வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட உரசியதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல. பேச்சை எங்கே தொடங்கினாலும் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார்.

அப்படிப்பட்டவருக்கு ஓவியப் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடத்து வரவேற்பறையில் ஓர் ஓவியம்: ஆள் இல்லை, மரம் இல்லை, மேலிருந்து கீழ்வரை வெறும் சிவப்பு, ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு. அதன் அச்சுப் பிரதியைத் தேடிக் கடைக்குப் போனார். "பருத்திக் காகிதம், உசத்தி மை. நூறு வருஷம் ஆனாலும் மங்காது" என்றாள் கடைக்காரி. விலையைக் கேட்டு மனைவிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சுவரில் மாட்டிய பிறகு அவளுக்கும் பிடித்துத்தான் போயிற்று.

சில மாதங்களில், "வெளுத்துப் போச்சு, ஏமாத்திட்டா" என்று ஆரம்பித்தார். கடைக்காரி மறுபேச்சில்லாமல் வேறு பிரதி கொடுத்தாள். அதையும் குறை சொன்னார். மனைவியின் கண்ணுக்கோ சிவப்பு கனன்றுகொண்டுதான் இருந்தது. முகமோ மரமோ வரைந்திருந்தால் இது இப்படித்தான் இருக்கும் என்று வாதாடலாம். வெறும் நிறத்தை வைத்துக்கொண்டு மனிதர் என்ன வாதாடுவது? அதோடு விட்டுவிட்டாள். ஆனால் நன்றாகப் பழுத்த தக்காளியை "இன்னும் காயா இருக்கே" என்று அவர் ஒதுக்கிய அன்று அவள் மெல்லப் பேச்செடுத்தாள். கண்ணைக் காட்டலாமா என்றாள்.

"என் கண்ணுக்கென்ன கேடு? கழுகுக் கண்ணு!" என்று எரிந்து விழுந்தார்.

விடுமுறையன்று படத்தைப் பள்ளி வண்டியில் போட்டுக்கொண்டு மறுபடி கடைக்குக் கிளம்பினார். அவளும் தொற்றிக்கொண்டாள். கடைக்காரி புதுப் பிரதி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டுமே வெளுப்புதான்" என்றார் அவர்.

"அண்ணே, இதை இப்பத்தானே உங்க கண்ணு முன்னால பிரிச்சேன்?"

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கொண்டுபோன படத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வேறு பிரதி கேட்காமல் அவர் திரும்பியது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம், முன்னால் போன வண்டி நின்றால் இவரும் நின்றார். அது கிளம்பினால் இவரும் கிளம்பினார். பெரிய சந்திப்பில் முன்னால் யாருமில்லை. சுள்ளென்ற வெயில். விளக்கு சிவப்பில் நின்றது. நத்தை மாமா நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தார்.

"சிவப்புங்க! நிறுத்துங்க!"

வண்டி குலுங்கி நின்றது. குறுக்கே வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் சீறிப் போனது. எப்படியோ ஓரங்கட்டினார்.

"படம் நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

"நல்லாத்தாங்க இருக்கு. உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"முதல் தடவை மாத்தினப்பவே சந்தேகம்தான்."

அவள் திரும்பிப் பின்னாலிருந்த சின்னச் சின்ன இருக்கைகளைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறமும் தினம் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போனீங்களா?"

அவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவள் எட்டிச் சாவியை உருவினாள். அவர் தடுக்கவில்லை.