நெல் காய்ந்த சாலை

வலியில்லாமல் ரத்தம் போனால்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று சுகாதார நிலையத்தில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு என்றால், பூதலூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் பிரசவத்துக்குத் துணை போகும் நான்கைந்து பெண்களுக்கு. சம்பளம் கிடையாது. எழுத்தே தெரியாத கிழவி என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் பேசிக்கொண்டே வந்தால் பிள்ளைத்தாய்ச்சிக்குப் பயம் தெரியாதாம். பேச எனக்குச் சொல்லியா தரவேண்டும்?

அப்போது குறுவை அறுப்பு. வாய்க்கால் தெருப் பெண் ஒருத்திக்கு ஒன்பதாம் மாதம். போய்ப் பார்த்தால் பாவாடை ரத்தத்தில் நனைந்திருக்கிறது, அவளோ சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வலியே இல்லையாம். வலி வரட்டும், போகலாம் என்றாள் மாமியார். ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொன்னேன். வர நேரமாகும் என்றதும், எதிர்வீட்டுக் குட்டியானைச் சரக்கு வண்டியில் மெத்தையைப் போட்டு அவளைப் படுக்கவைத்தேன். மாமியார் முன்னால் ஏறிக்கொண்டாள், நான் பின்னால் பிள்ளைத்தாய்ச்சியின் தலைமாட்டில்.

என் நாத்தனார் கல்யாணத்தில் முதல் பந்தியிலேயே சாம்பார் தீர்ந்த கதையைச் சொன்னேன். நல்ல கதை, சொல்லும்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வரும். முதலில் 'உம்' கொட்டினாள். பிறகு அதுவும் நின்றது. உதடு வெளுத்திருந்தது. மேற்கே மேகம் கறுத்து ஏறிக்கொண்டிருந்தது.

வாய்க்கால் கரைச் சாலையில் வண்டி நின்றுவிட்டது. ரோடு முழுக்க நெல் காயப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தளும்பும் வாய்க்கால், மறுபக்கம் சேற்று வயல்.

"ஏத்துப்பா," என்றேன்.

"நெல்லு மேல எப்படிம்மா ஏத்துறது? வெளங்குவேனா நானு?" என்றார் டிரைவர்.

அவரைத் திட்ட வாய் வரவில்லை. படுத்திருந்தவளும் ஏற்ற வேண்டாமென்றுதான் முனகினாள்.

இறங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, காயும் நெல்லைக் கிளறுவதுபோலக் காலால் ஒதுக்கிக்கொண்டே நடந்தேன், சக்கரங்களுக்கு இரண்டு தடமாக. நெல்லுக்குக் காவலிருந்த பெண் ஓடிவந்தாள்.

"என்ன அத்தாச்சி, மழை வர்ற நேரத்துல நெல்ல வாய்க்கால்ல தள்ளுற?"

வண்டியைக் காட்டினேன். எட்டிப் பார்த்தாள். மெத்தையிலிருந்து ரத்தம் வண்டித் தகரத்துக்கு இறங்கியிருந்தது. நெல் தள்ளும் பலகையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். அவள் போட்ட சத்தத்தில் இன்னும் சிலர் வந்தார்கள். நாங்கள் தள்ளத் தள்ள வண்டி பின்னால் ஊர்ந்து வந்தது. தூறல் விழுந்தது. ஒருத்தியும் படுதாவைத் தேடிப் போகவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நேரே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மாமியார் சுவரோரம் உட்கார்ந்து சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையோடு என்னிடம் வந்தார்.

"பொட்டப்புள்ள பாட்டி, புடிங்க."

தாய் எப்படி என்று கேட்டேன். அதற்குள் உள்ளே போய்விட்டார். என் கையில் குழந்தை வீறிட்டது. அதன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கதவையே பார்த்துக்கொண்டு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேனோ.

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரில் அவள், சாம்பல் பூத்த முகத்தோடு. கண்ணைச் சுருக்கி என்னைத் தேடினாள்.

"யாரு மாதிரி இருக்கு பாட்டி?"

"தெரியலடி. இனிமேதான் பாக்கணும்," என்றேன்.